32,768-வது மணி

புதிதாக வாங்கிய எஸ்.எஸ்.டி.க்குள் ஒரு பழைய புரோகிராம் ஒளிந்திருக்கலாம். அதைப் பார்க்கச் சரியான நாள், டிரைவ் காலியாக இருக்கும் முதல் நாள்தான்.

மைசூரில் புதிய எஸ்.எஸ்.டி. வாங்குபவர் யாராக இருக்கக்கூடும்? மானசகங்கோத்ரியில் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தோடு மல்லுக்கட்டும் மாணவராக இருக்கலாம். இன்ஃபோசிஸ் பயிற்சிக்காக ஈரோட்டிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்க நினைக்கும் இளைஞராக இருக்கலாம். தசரா ஊர்வலத்தை ஆயிரக்கணக்கான படங்களாகச் சுட்டுத் தள்ளிவிட்டு, அவற்றை எங்கே வைப்பது என்று விழிக்கும் போட்டோகிராபராகவும் இருக்கலாம். தேவராஜ அர்ஸ் சாலைப் பக்கம் நடந்துபோய் வாங்கினாலும் சரி, கூரியரில் வரவழைத்தாலும் சரி, சடங்கு ஒன்றுதான். உறையைக் கிழிப்பது, லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றுவது, டிரைவைச் செருகுவது, பழைய ஃபைல்களை எல்லாம் அதில் கொட்டுவது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் பறக்கிறது.

இந்த அரை மணி நேரத்தில் அநேகமாக யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த டிரைவுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எந்தத் தேதியுடையது?

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் நவம்பர் 2019-ல் தெரிந்துகொண்டது. சர்வர் தயாரிப்பில் முன்னணியில் இருக்கும் ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு அவசர அறிவிப்பை அனுப்பியது. தான் விற்ற சில எஸ்.எஸ்.டி. மாடல்கள், மின்சாரம் பெற்று ஓடத் தொடங்கியதிலிருந்து சரியாக 32,768 மணி நேரம் முடிந்ததும் செத்துவிடும் என்றது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். செத்த பிறகு டிரைவும் தேறாது, அதில் இருந்த தகவலும் திரும்பாது. அதைவிட மோசமானது அறிவிப்பில் இருந்த இன்னொரு விஷயம்: ஒரே நாளில் மாட்டிய டிரைவ்கள் அநேகமாக ஒரே நேரத்தில் சாகும்.

அந்த எண்ணைப் பார்த்ததுமே புரோகிராமர்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 99,999 வரை ஓடிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும் அல்லவா? கம்ப்யூட்டரில் 16 பிட் இடத்தில், கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு எண்ணை எழுதி வைத்தால் அது 32,767 வரைதான் போகும். அடுத்த எண் எகிறி மைனஸில் விழும். ஸ்கூட்டர் மீட்டர் பூஜ்யமானால் வண்டி நிற்பதில்லை. இங்கே வண்டியே நின்றுவிட்டது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தடுமாறும் என்று பயந்தோமே, அதே ஜாதி. அந்தத் தேதியாவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

நான்கு மாதம் கழித்து, மார்ச் 2020-ல், அதே கம்பெனியிடமிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது. இந்த முறை வேறு மாடல்கள், வேறு கெடு: 40,000 மணி நேரம். டெல் கம்பெனியின் சர்வர்களிலும் இதே குறை இருந்தது. டெல் சொன்ன காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. புரோகிராமில் ஒரு பட்டியலின் உச்சவரம்பைச் சரிபார்க்கும் இடத்தில், இருக்க வேண்டிய எண்ணில் ஒன்று குறைத்து எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான்.

இரண்டு குறைகளுக்கும் மருந்து ஒன்றே. டிரைவுக்குள் இருக்கும் புரோகிராமை, கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். விலை எதுவும் இல்லை. செய்யாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஜூலை 2022-ல் ஒரு சாட்சி கிடைத்தது. உலகமெங்கும் சாஃப்ட்வேர்காரர்கள் படிக்கும் ஹேக்கர் நியூஸ் என்ற அமெரிக்க இணையதளத்தின் சர்வரில் டிஸ்க்குகள் போயின. சில மணி நேரத்தில், அதற்கு மாற்றாக வைத்திருந்த சர்வரின் டிஸ்க்குகளும் போயின. 40,000 மணி நேரக் கணக்கின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடலில் இரண்டு டிரைவ் வாங்கி வைக்கும் நம்மூர் ஆடிட்டர்களும் ஸ்டூடியோக்காரர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது.

டிரைவுக்குள் அப்படி என்ன புரோகிராம்? ஃபர்ம்வேர் என்று அதற்குப் பெயர். எஸ்.எஸ்.டி. என்பது வெறும் சேமிப்புக் கிடங்கு இல்லை. அது தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். தகவலை வைத்திருக்கும் ஃப்ளாஷ் சிப்கள் ஒருபுறம், அவற்றை மேய்க்கும் கன்ட்ரோலர் சிப் ஒருபுறம். கன்ட்ரோலர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது ஃபர்ம்வேர். ஃப்ளாஷ் சிப்பின் ஒவ்வொரு சிறு அறையையும் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்து எழுத முடியும். ஆகவே ஒரே அறையைத் தேய்க்காமல் எழுத்து வேலையை எல்லா அறைகளுக்கும் பங்கிட வேண்டும். கெட்டுப்போன அறைகளை ஒதுக்க வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் குப்பையைக் கூட்டி இடம் பண்ண வேண்டும். இத்தனையும் நடப்பதால், உங்கள் ஆய்வேட்டின் மூன்றாம் பக்கம் நேற்று இருந்த அறையில் இன்று இருக்காது. எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் ஃபர்ம்வேரிடம் மட்டுமே உண்டு. அது தொலைந்தால் சிப்களைப் பிரித்தெடுத்துப் படிப்பதும் கஷ்டம். பல டிரைவ்கள் தகவலைத் தாமாகவே ரகசியக் குறியீட்டில் மாற்றித்தான் எழுதுகின்றன.

மைசூரிலேயே இதற்கு நேர் எதிரான சேமிப்பு ஒன்று இருந்ததைத் தமிழர்கள் அறிவார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களிலிருந்து பல தலைமுறைகளாக எடுத்த கல்வெட்டு மைப்படிகள் அதனோடு வந்தன. ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் அமுக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக விழும். கல் உடைந்து, கோயிலே மாறிப்போன இடங்களில் அந்தக் காகிதம்தான் மிச்சம். அவை மைசூரில் கவனிப்பில்லாமல் கிடக்கின்றன என்ற கவலை நீதிமன்றம் வரை போனது. ஆகஸ்ட் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. 2023 மத்திய பட்ஜெட்டில் 'பாரத் ஸ்ரீ' என்ற பெயரில், முதல் கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகளை டிஜிட்டல் வடிவத்துக்குக் கொண்டுவரும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மைப்படியைக் கரையான் அரித்தால் அரித்த இடம் போகும், மீதியைக் கண்ணால் படிக்கலாம். காகிதத்துக்கும் படிப்பவருக்கும் நடுவே யாரும் இல்லை. எஸ்.எஸ்.டி.யில் இருக்கும் படத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஃபர்ம்வேர் உட்கார்ந்திருக்கிறது. அது பேச மறுத்தால் மொத்தமும் போச்சு. கோயில் கல்வெட்டானாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளானாலும் இதில் பேதம் கிடையாது.

சர்வர் சமாசாரம் நமக்கெதற்கு என்று ஒதுக்கவும் முடியாது. வீட்டு டிரைவ்களின் சரித்திரமும் சுத்தமானதல்ல. 2011-ல் இன்டெல்லின் 320 வரிசை டிரைவ்கள், திடீரென மின்சாரம் போனால் தங்கள் மொத்தக் கொள்ளளவே 8 மெகாபைட் என்று காட்டின. க்ருஷியல் எம்4 டிரைவ்கள் சுமார் 5,184 மணி நேரம் ஓடியதும் உறைந்து போயின. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மீண்டும் உறையும். ஜனவரி 2012-ல் அதற்கு மருந்து வந்தது. 5,184 மணி என்பது தொடர்ந்து ஓடினால் 216 நாள்தான். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. 2014-ல் சாம்சங் 840 ஈவோ டிரைவ்களில் எழுதி வைத்துப் பல வாரங்களான ஃபைல்கள் ஆமை வேகத்தில் திறந்தன. அதைச் சரிசெய்ய அக்டோபர் 2014-ல் ஒரு அப்டேட், அது போதாமல் ஏப்ரல் 2015-ல் இன்னொன்று.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளுவதற்கும் இல்லை. சாம்சங் 980 புரோ டிரைவ்கள் சில, குறிப்பாக 2 டெராபைட் மாடல், ஒரு குறிப்பிட்ட ஃபர்ம்வேரோடு இருந்தால் திடீரென்று எழுத மறுத்துவிடும், படிக்க மட்டுமே முடியும் என்ற பிரச்னை 2023 தொடக்கத்தில் பரவலாகத் தெரிய வந்தது. அதற்குள் புதிய ஃபர்ம்வேர் வெளியாகியிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். விழுந்த பிறகு போட்டு எழுப்ப முடியவில்லை. அதற்கு அடுத்த மாடலான 990 புரோவில் இன்னொரு விசித்திரம். வாங்கிச் சில வாரங்களே ஆன டிரைவின் ஆயுள் சதவீதம் மளமளவென்று இறங்கியது. பிப்ரவரி 2023-ல் வந்த அப்டேட் அந்தச் சரிவை நிறுத்தியது. ஆனால் இறங்கிய சதவீதம் இறங்கியதுதான். அதே 2023-ல் போட்டோகிராபர்கள் பையில் போட்டுக்கொண்டு அலையும் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் டிரைவ்கள் படங்களோடு மறைந்துபோவதாகப் புகார்கள் குவிந்தன. அதற்கும் ஃபர்ம்வேர் அப்டேட் வந்தது, கூடவே அமெரிக்காவில் வழக்குகளும் வந்தன.

அக்டோபர் 2024-ல் விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பு வந்ததும், வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்.என்.770, எஸ்.என்.580 மாடல்களில் 2 டெராபைட் டிரைவ் வைத்திருந்தவர்களின் திரை நீலமாகி நின்றது. கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும் டிரைவ்கள் இவை. முன்பு 64 மெகாபைட் கொடுத்துவந்த விண்டோஸ், கேட்கிறதே என்று 200 மெகாபைட் கொடுத்தது. டிரைவால் அதைச் சமாளிக்க முடியவில்லை. பழைய ஃபர்ம்வேர் புதிய விண்டோஸோடு சேரவில்லை, அவ்வளவுதான். கம்பெனி புதிய ஃபர்ம்வேர் கொடுத்தது.

ஆகஸ்ட் 2025-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். விண்டோஸ் அப்டேட் ஒன்று எஸ்.எஸ்.டி.களைக் கொல்கிறது என்று ஜப்பானிலிருந்து கிளம்பிய செய்தி உலகைச் சுற்றியது. பழி, கன்ட்ரோலர் தயாரிக்கும் தைவான் கம்பெனியான ஃபைசன் மீது விழுந்தது. அவர்கள் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் குறையை வரவழைக்க முடியவில்லை என்றார்கள். மைக்ரோசாஃப்ட்டும் தொடர்பில்லை என்றது. கடைசியில், பழுதான டிரைவ்களில் இருந்தது கடைக்கு வரும் ஃபர்ம்வேரே அல்ல, தயாரிப்பின்போது இன்ஜினீயர்கள் பயன்படுத்தும் முன்வடிவம் என்று செய்தி வந்தது. வெளியே லேபிள் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஓடுவது வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எப்படிப் பார்ப்பது? கஷ்டமே இல்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. திறந்ததும் டிரைவின் பெயர், சீரியல் எண், ஃபர்ம்வேர் எண், எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை ஸ்டார்ட் ஆனது, இதுவரை எவ்வளவு எழுதப்பட்டது என்று ஜாதகத்தையே கொட்டிவிடும். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. புதிது என்று விற்ற டிரைவ் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஏற்கெனவே ஓடியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். புதிய டிரைவில் அந்த எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைல்களைக் கொட்டாமல், பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு நடப்பதே சரி.

ஃபர்ம்வேர் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு தயாரிப்பாளரின் சொந்த சாஃப்ட்வேரைப் போட வேண்டும். சாம்சங்குக்கு மெஜிஷியன், க்ருஷியலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ், கிங்ஸ்டனுக்கு எஸ்.எஸ்.டி. மேனேஜர் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. புதிய பதிப்பு இருந்தால் அதுவே சொல்லும். லினக்ஸ்காரர்களுக்கு எஃப்டபிள்யூ-அப்டி இருக்கிறது, எல்லாக் கம்பெனிகளும் அதில் சேரவில்லை. லேப்டாப்போடு சேர்ந்தே வந்த டிரைவ் என்றால் கதை வேறு. டிரைவில் சாம்சங் பெயர் இருந்தாலும் அதன் ஃபர்ம்வேரைத் தருவது டெல், லெனோவோ போன்ற லேப்டாப் கம்பெனிதான். சாம்சங்கின் சாஃப்ட்வேர் பெரும்பாலும் அதைச் சொந்தப் பிள்ளையாக ஏற்பதில்லை. தனி டிரைவை யு.எஸ்.பி. உறைக்குள் போட்டு அப்டேட் செய்யப் பார்த்தாலும் பல சமயம் நடக்காது. லேப்டாப்பின் உள்ளே நேராக மாட்டித்தான் ஆக வேண்டும்.

அப்டேட் ஓடும் அந்த ஓரிரு நிமிஷம்தான் ஆபத்தான நேரம். பாதியில் மின்சாரம் போனால் டிரைவ் வெறும் பிளாஸ்டிக் அட்டையாகிவிடக்கூடும். மழைக்கால மாலையில் இடி இடிக்கும்போது டெஸ்க்டாப்பில் இதை ஆரம்பிக்க வேண்டாம். யு.பி.எஸ். இருந்தால் சரி. லேப்டாப் என்றால் பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். புதிய வகை டிரைவ்களுக்கான என்.வி.எம்.இ. விதிமுறை, ஃபர்ம்வேர் வைக்க ஏழு அறைகள் வரை அனுமதிக்கிறது. பழையதை ஓர் அறையில் பத்திரமாக வைத்துக்கொண்டு புதியதை இன்னொன்றில் எழுதலாம். ஆனால் உங்கள் டிரைவில் அப்படி எத்தனை அறை என்பது தயாரிப்பாளரின் தாராளத்தைப் பொறுத்தது. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தங்கள் டிரைவ் பூட்டியிருப்பதே பலருக்குத் தெரியாது என்பது தனிக் கதை.

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் நோண்ட வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆறு மாதமாக, பேக்கப் இல்லாத கல்யாண ஆல்பங்களைச் சுமந்துகொண்டிருக்கும் டிரைவை, ஒரு புதிய எண் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அவசரமாக அப்டேட் செய்வது புத்திசாலித்தனமல்ல. கம்பெனி என்ன காரணம் சொல்கிறது என்று படிக்க வேண்டும். தகவல் போகும், டிரைவ் நிற்கும் என்ற வகைக் குறை என்றால் முதலில் பேக்கப், உடனே அப்டேட். சில்லறைக் காரணம் என்றால் காத்திருக்கலாம். ஆனால் இந்த வாதம் முதல் நாளுக்குப் பொருந்தாது. அன்று டிரைவ் காலி. அப்டேட்டில் சொதப்பினாலும் போவது ஒன்றுமில்லை, கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார். மறுநாள் முதல் டிரைவின் விலை அதில் இருக்கும் படங்களின் விலை. வாரன்டி ஐந்து வருஷம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது டிரைவுக்குத்தான், உள்ளே இருந்தவற்றுக்கு அல்ல.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். மைசூரிலும் மதுரையிலும் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பொட்டு வைத்த கையோடு ஃபர்ம்வேர் எண்ணையும் பார்த்துவிடலாம், நாள் மறக்காது.

பிரச்னை, பார்ப்பதற்கு வழியே இல்லாத டிரைவ்களில்தான் இருக்கிறது. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும், பெயர் கேள்விப்படாத பிராண்டுகளில் ஒரே மாடலுக்குள் இந்த மாதம் ஒரு கன்ட்ரோலர், அடுத்த மாதம் வேறு கன்ட்ரோலர் இருக்கும். ஃபர்ம்வேர் அப்டேட் என்ற பேச்சே பல பிராண்டுகளில் கிடையாது. வாங்குவதற்கு முன் அந்தக் கம்பெனியின் தளத்தில் ஃபர்ம்வேருக்கென்று ஒரு பக்கம் இருக்கிறதா, அதில் கடைசித் தேதி என்ன என்று பார்ப்பது, வேகத்தைப் பற்றிய விளம்பரத்தைப் படிப்பதைவிட உபயோகம். பெரிய பெயர்களும் நிரந்தரமல்ல. வெஸ்டர்ன் டிஜிட்டலும் சான்டிஸ்க்கும் 2025-ல் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிந்து, ஃப்ளாஷ் டிரைவ்கள் சான்டிஸ்க் பக்கம் போயின. மைக்ரான் கம்பெனி, க்ருஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தப்போவதாக டிசம்பர் 2025-ல் அறிவித்தது. ஏற்கெனவே விற்ற டிரைவ்களுக்கு வாரன்டியும் உதவியும் தொடரும் என்று சொல்லியிருக்கிறது. க்ருஷியல் வைத்திருப்பவர்கள் புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று இந்த வாரமே ஒரு முறை பார்த்து, எண்ணையும் தேதியையும் பில்லின் பின்பக்கம் எழுதி வைக்கலாம்.